கிளோசிங் ஸ்டாக்கில் 9.8 லட்சம் கூடுதல்: டேலியில் காரணத்தைத் தேடிப் பிடித்த விதம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம். கிராஸ் ப்ராஃபிட் (விற்பனையில் சரக்கின் அடக்கவிலை போக நிற்கும் லாபம்) பல வருடங்களாக 12 சதவீதத்தை ஒட்டியே ஓடும். அந்த வருடம் பிப்ரவரி வரை நாலு கோடி ரூபாய் விற்பனை, டேலி காட்டிய கிராஸ் ப்ராஃபிட் 14.5 சதவீதம். அந்தக் கூடுதல் இரண்டரை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தபோது, பழைய கணக்காளர் வேலையை விட்டுப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. சாஃப்ட்வேர் டீலர் ரிமோட்டில் வந்து பார்த்துவிட்டு, "கால்குலேஷன்ல தப்பு வராதுங்க, எண்ட்ரியைப் பாருங்க" என்றார். ஆடிட்டர் அலுவலகத்தில் "ஸ்டாக்கை சரிபண்ணி அனுப்புங்க" என்றார்கள். இரண்டும் சரியான பேச்சுதான். ஆனால் எண்ணூறு ஐட்டத்தில் எந்த எண்ட்ரியைப் பார்ப்பது, எப்படிச் சரிபண்ணுவது என்பதை இருவருமே சொல்லவில்லை.

நஷ்டம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளோசிங் ஸ்டாக், அதாவது கடைசி நாளில் மீதி இருக்கும் சரக்கின் மதிப்பு, எவ்வளவு கூடுகிறதோ லாபமும் அவ்வளவு கூடும். அப்படிக் கூடுதலாகக் காட்டிய லாபம் சுமார் 9.8 லட்சம். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. அதன்படி இல்லாத லாபத்துக்கு மார்ச் 15 தவணையில் கட்டிய அட்வான்ஸ் டாக்ஸ் 3,05,760 ரூபாய். ரீஃபண்டாகத் திரும்பி வரும்தான். வருகிற வரைக்கும் அந்தப் பணம் சிசி கணக்கிலிருந்து (சரக்கை ஈடு காட்டி பேங்கில் எடுக்கும் கேஷ் கிரெடிட் கடன்) போன பணம். ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி, சிசிக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். அத்தோடு பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டும் பொய்யாகிப் போனது. ஸ்டாக்குக்கு 25 சதவீதம் மார்ஜின் கழித்துத்தான் டிராயிங் பவர் (அந்தக் கடனில் எடுக்கக்கூடிய உச்சத் தொகை) போடுகிறார்கள். 9.8 லட்சம் குறைந்தால் டிராயிங் பவரில் 7.35 லட்சம் போய்விடும். முதலாளி அதை ஏற்கனவே எடுத்துச் செலவழித்திருந்தார். அதைச் சொல்லப் போக வேண்டிய நாளை நினைத்து வயிற்றைக் கலக்கியது உண்மை.

எனக்கு இதில் எரிச்சலூட்டிய விஷயம், அந்த 14.5-ஐ எல்லோருமே நம்பியதுதான். கொள்முதல் விலையைக் கறாராகப் பேசியதால் என்று முதலாளி நினைத்தார். புது பிராண்டில் மார்ஜின் நல்லா இருக்கு என்றார் சேல்ஸ் பையன். கோடை முன்னாலேயே தொடங்கிவிட்டது, மோட்டார் ரிப்பேர் அதிகம் என்றார் இன்னொருவர். திரையில் ஒரு எண் வந்துவிட்டால் அதற்குக் காரணம் கற்பிப்பது மனுஷ சுபாவம். அதனால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாள் யாரிடமும் காரணம் கேட்காதீர்கள். அவர்கள் சொல்வது உங்கள் தலையில் உட்கார்ந்துகொண்டு, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க விடாது.

முதல் வேலை, டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்வது. நடப்புக் கணக்கில் சோதனை செய்யவே கூடாது. ஒரு எண்ட்ரியை மாற்றி, "சும்மா பார்த்தேன்" என்று பழையபடி வைக்க மறந்தால் புதிதாக இன்னொரு புதிர் சேரும். நகலில் ஸ்டாக் சம்மரியை (ஐட்டம்வாரி கையிருப்புப் பட்டியல்) திறந்து, தேதியைக் குறித்துக்கொண்டு எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்து வையுங்கள். தொடங்கும்போது தொகை என்ன இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்தது, எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பதைச் சந்தேகமில்லாமல் எழுதிக்கொள்வது. "லாபம் அதிகமா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. "பிப்ரவரி 28 அன்று, ஆவரேஜ் காஸ்ட் முறையில், மெயின் குடோன் கிளோசிங் ஸ்டாக் இவ்வளவு" என்று எழுத வேண்டும். தேதி, மதிப்பிடும் முறை, குடோன் மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு எண் வரும். ஒரே ரிப்போர்ட்டை இரண்டு கம்ப்யூட்டரில் திறந்து இரண்டு தொகை வந்தால் பயப்பட வேண்டாம். ஆல்ட் எஃப்2-வில் காலம் ஒன்றா, எஃப்12-ல் அமைப்பு ஒன்றா, கன்ட்ரோல் பி-யில் வேல்யூவேஷன் முறை ஒன்றா என்று பாருங்கள். பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, எஃப்11-ல் இன்டக்ரேட் அக்கவுண்ட்ஸ் வித் இன்வென்டரி "யெஸ்" என்று இருக்கிறதா? "நோ" என்றால் பேலன்ஸ் ஷீட்டில் வரும் கிளோசிங் ஸ்டாக் யாரோ கையால் போட்ட எண். ஸ்டாக் சம்மரியை என்ன குடைந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. இங்கே "யெஸ்" இருந்தது, இரண்டு தொகையும் ஒன்றாகவே இருந்தன. அதனால் சரக்குப் பக்கம் போனால் போதும் என்று ஆனது.

பிறகு, தொகை எந்த நாளில் தடம் மாறியது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாத முடிவிலும், வருடத் தொடக்கத்திலிருந்து அதுவரை வந்த கிராஸ் ப்ராஃபிட் சதவீதத்தை ஒரு தாளில் எழுதினேன். அக்டோபர் வரை 12.1-ஐ ஒட்டி இருந்தது. நவம்பரிலிருந்து மெல்ல இறங்கி ஜனவரியில் 11.6-க்கு வந்திருந்தது. பிப்ரவரியில் ஒரே தாவலாக 14.5. இந்தச் சின்னச் சரிவை யாருமே கவனிக்கவில்லை, உண்மையில் பெரிய துப்பு அதுதான். ஏறியதைத் தேடுகிறவர்கள் அதற்கு முன்னால் இறங்கியதா என்றும் பாருங்கள். பிப்ரவரிக்குள் நாளைப் பிடிக்க 28 நாளையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். 14-ஆம் தேதி இருப்பைப் பார்த்து, தாவல் அதற்கு முன்னாலா பின்னாலா என்று முடிவு செய்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கினால் அதிகபட்சம் ஐந்து முறை பார்ப்பதில் நாள் கிடைத்துவிடும். கிடைத்தது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஈடான பர்ச்சேஸ் எதுவும் இல்லாமல் ஒரே நாளில் ஸ்டாக் மதிப்பு 10 லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தது. அன்று குடோனில் சரக்கை எண்ணியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் கூடுதலாக வந்ததையெல்லாம் ஸ்டாக் ஜர்னல் (கொள்முதல், விற்பனை இல்லாமல் இருப்பை மட்டும் மாற்றும் பதிவு) போட்டு ஏற்றியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பலர் செய்வது அந்த ஸ்டாக் ஜர்னலை நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவது. நீக்கினால் லாபம் 12-க்குப் பக்கத்தில் வந்துவிடும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் குடோனில் சரக்கு நிஜமாகவே இருக்கிறது, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் ஏட்டில் ஏன் குறைவாக இருந்தது? அதற்குப் பதில் தெரியாமல் எதையும் தொடக் கூடாது. நான் வைத்துக்கொண்ட விதி இது: சாஃப்ட்வேர் காட்டும் தப்பான தொகையையே பைசா சுத்தமாகக் கையால் போட்டு வரவழைக்க முடிய வேண்டும். சரியான தொகை எது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தப்பான தொகை எப்படிப் பிறந்தது என்று போட்டுக் காட்ட முடிந்தால்தான் காரணம் கையில் இருக்கிறது.

அதற்கு ஒரே ஒரு ஐட்டம் போதும். அதிக மதிப்புள்ளதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், குறைந்த எண்ட்ரி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது ஒரு மெக்கானிக்கல் சீல். ஸ்டாக் சம்மரியில் அதன் மேல் என்டர் தட்டினால் மாதச் சுருக்கம், மறுபடி என்டர் தட்டினால் வவுச்சர் பட்டியல். அதைத் தேதி, வரவு, பற்று, இருப்பு, மதிப்பு என்று தாளில் எழுதினேன். ஆரம்ப இருப்பு 100 நம்பர், ஒன்று 115 ரூபாய், மதிப்பு 11,500. நவம்பரில் பர்ச்சேஸ் 40 நம்பர், ஒன்று 1,165 ரூபாய், மதிப்பு 46,600. இரண்டும் சேர்ந்து 140 நம்பர், 58,100 ரூபாய், ஆவரேஜ் சரியாக 415. அதற்குப் பிறகு விற்பனை 90 நம்பர், ஒன்று 150 ரூபாய். மீதி 50 நம்பர், 415 வீதம் 20,750. எண்ணியபோது இருந்தது 410. வித்தியாசம் 360 நம்பரை ஸ்டாக் ஜர்னலில் ஏற்றும்போது, ஏற்றியவர் ஸ்டாக் சம்மரியில் தெரிந்த 415-ஐயே ரேட்டாகப் போட்டிருக்கிறார், 1,49,400 ரூபாய். மொத்தம் 410 நம்பர், 1,70,150. டேலியில் தெரிந்ததும் அதே 1,70,150. ஒரு பைசா வித்தியாசம் இல்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

150 ரூபாய்க்கு விற்கிற சீலை 1,165-க்கு யார் வாங்குவார்கள்? பில்லை எடுத்துப் பார்த்தால் அளவு 40, அலகு "பாக்ஸ்" என்று இருந்தது. குடோன் பையனிடம் கேட்டதற்கு, "தீவாளிக்கு அப்புறம் அவங்க பெட்டிக் கணக்குலதானுங்கக்கா பில் போடறாங்க. ஒரு பெட்டிக்குப் பத்து" என்றான். அதுவரை 400 நம்பர் என்று பில் போட்டுவந்த சப்ளையர் நவம்பரிலிருந்து 40 பெட்டி என்று போட ஆரம்பித்திருக்கிறார். நம் பக்கம் எண்ட்ரி போட்டவர் 40 என்ற எண்ணையும் 1,165 என்ற ரேட்டையும் அப்படியே ஏற்றிவிட்டார். பில் தொகை 46,600 சரி, ஜிஎஸ்டி சரி, சப்ளையர் பாக்கி சரி. அதனால் எந்தச் சரிபார்ப்பிலும் இது மாட்டவில்லை. மாட்டியிருக்கக்கூடிய ஒரே இடம் அலகு.

சரியான கணக்கு என்னவென்றால் 100 நம்பரும் 400 நம்பரும் சேர்ந்து 500, மதிப்பு அதே 58,100, ஆவரேஜ் 116.20, மீதி 410 நம்பருக்கு 47,642 ரூபாய். காட்டியது 1,70,150. இந்த ஒரு சீலில் மட்டும் 1,22,508 ரூபாய் கூடுதல் லாபம். ஜனவரி வரை லாபம் ஏன் இறங்கியது என்பதும் இதிலேயே தெரிகிறது. சரக்கு எண்ணும் முன் ஏட்டில் மீதி 20,750, இருந்திருக்க வேண்டியது 47,642. அப்போது 26,892 ரூபாய் லாபம் குறைவாகத் தெரிந்தது. ஒரே தப்பு முதலில் லாபத்தைக் குறைத்துக் காட்டி, பிறகு அதைச் சரிசெய்வதாக நினைத்துப் போட்ட எண்ட்ரியால் பல மடங்கு ஏற்றிக் காட்டியது. மதிப்பிடும் முறை ஆவரேஜா, முதலில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் ஃபிஃபோவா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. இந்தச் சீலுக்கு ஃபிஃபோ போட்டால் 10 நம்பர் 115-லும் 400 நம்பர் 116.50-லும் நிற்கும், 47,750. ஆவரேஜுக்கும் அதற்கும் வித்தியாசம் 108 ரூபாய். பெரிய தொகை இடிக்கும்போது முறையைக் குறை சொல்வது நேர விரயம், எண்ட்ரிக்குள் போங்கள்.

இதே நோய் வேறு எந்த ஐட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எளிதாக இருந்தது. கொள்முதல் ரேட் விற்பனை ரேட்டைவிட அதிகமாக உள்ள ஐட்டங்களை எக்செல்லில் வடிகட்டினால் பதினொன்று வந்தது, அத்தனையும் அதே சப்ளையர். ஸ்டாக் சம்மரியில் எஃப்12 போய் ஷோ கிராஸ் ப்ராஃபிட் என்பதை "யெஸ்" ஆக்கினாலும் ஐட்டம்வாரி லாபம் தெரியும். மைனஸில் இருப்பதும் அளவுக்கு மீறி ப்ளஸில் இருப்பதும் கண்ணில் குத்தும். எக்செப்ஷன் ரிப்போர்ட்ஸ் பகுதியில் நெகட்டிவ் ஸ்டாக்கையும் பாருங்கள். சரக்கு வருவதற்கு முன்பே விற்றதாகத் தேதி இருந்தால் மாத முடிவில் மதிப்பு கோணலாகி, அடுத்த மாதம் தானே நேராகிவிடும். மாதாமாதம் பேங்குக்கு ஸ்டேட்மென்ட் கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

பதினொரு ஐட்டமும் சேர்ந்து 8.3 லட்சம்தான் வந்தது. இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி. இந்த இடத்தில்தான் எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றியது. பெரும்பகுதி பிடிபட்டுவிட்டது, மீதியைச் "சில்லறை வித்தியாசம்" என்று எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? நல்லவேளை, தொடர்ந்து பார்த்ததில் அந்த ஒன்றரை லட்சம் ஒரே தப்பு அல்ல என்று தெரிந்தது. ஒரு பக்கம் 1.9 லட்சம் கூடுதல், மறு பக்கம் 40 ஆயிரம் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தன. எதிரெதிர் தப்புகள் சேர்ந்து நிகரத் தொகை பூஜ்யமாகவே வந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

அந்த 1.9 லட்சம், சரக்கு எண்ணி முடித்த பிறகு திருப்பி அனுப்பிய மோட்டார்கள். டெபிட் நோட் (சப்ளையருக்குத் தர வேண்டியதைக் குறைக்கும் பதிவு) போட்டிருக்கிறார்கள், ஆனால் ஐட்டம் இல்லாமல், வெறும் லெட்ஜர் தொகையாக. வவுச்சரில் கன்ட்ரோல் எச் தட்டினால் ஐட்டம் இன்வாய்ஸ், அக்கவுண்டிங் இன்வாய்ஸ், ஆஸ் வவுச்சர் என்று முறை மாற்றலாம் அல்லவா, அதில் ஐட்டம் கேட்காத முறையில் போட்டால் பர்ச்சேஸ் குறையும், சரக்கு குறையாது. மோட்டார் சப்ளையரிடம் போய்விட்டது, ஏட்டில் நம் குடோனிலேயே இருக்கிறது, லாபம் ஏறுகிறது. விலை வித்தியாசத்துக்கு டெபிட் நோட் போடும்போது ஐட்டம் இல்லாமல் போடுவதுண்டு என்பதால் சாஃப்ட்வேர் இதைத் தடுக்காது. டெபிட் நோட் ரிஜிஸ்டரைத் திறந்து, அளவு இல்லாத ஒவ்வொன்றுக்கும் சரக்கு உண்மையில் திரும்பிப் போனதா என்று கேட்டால் போதும்.

மறுபக்கத்து 40 ஆயிரம் லாரி வாடகை. ராஜ்கோட்டிலிருந்து வரும் காஸ்டிங்குக்கு (வார்ப்பு பாகம்) வாடகை அதிகம். பர்ச்சேஸ் வவுச்சர் டைப்பில் ட்ராக் அடிஷனல் காஸ்ட்ஸ் ஃபார் பர்ச்சேஸஸ் என்பது "யெஸ்" ஆக இருந்தால்தான் அந்த வாடகை ஐட்டத்தின் விலையில் ஏறும். நவம்பரில் யாரோ வெளிமாநிலக் கொள்முதலுக்கென்று புது வவுச்சர் டைப் உருவாக்கியிருக்கிறார்கள், அதில் இது இல்லை. வாடகை முழுவதும் அந்த மாதச் செலவாகப் போய், கையிருப்புச் சரக்கின் விலையில் ஒட்டாமல் நின்றுவிட்டது. இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் உண்டு. வாடகை லெட்ஜரில், பகிரும் முறை அளவுப்படியா மதிப்புப்படியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 100 சீல் 11,650 ரூபாய், 10 காஸ்டிங் 35,000 ரூபாய், லாரி வாடகை 1,100 என்று வையுங்கள். அளவுப்படி என்றால் 110 நம்பருக்கும் தலைக்குப் பத்து ரூபாய், கையடக்கமான சீல்கள் 1,000 ரூபாயைச் சுமக்கும், லாரியை நிரப்பிய காஸ்டிங்குகள் 100 ரூபாயோடு தப்பித்துவிடும். மதிப்புப்படி என்றால் காஸ்டிங்குக்கு 825.29, சீலுக்கு 274.71. எடை முறை இல்லாத இடத்தில் இதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாஃப்ட்வேருக்கு இரண்டும் சரி, வியாபாரத்துக்கு ஒன்றுதான் சரி.

பைசா வித்தியாசங்களுக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். ஏழு நம்பர் ஆயிரம் ரூபாய் என்றால் ரேட் 142.857 என்று ஓடும், திரையில் 142.86 என்று தெரியும். 350 நம்பரைத் திரையில் தெரியும் ரேட்டால் பெருக்கினால் 50,001, உள்ளே இருப்பது 50,000. ஜிஎஸ்டியும் அப்படித்தான். பில்லில் தலா 47.25 ரூபாய் உள்ள மூன்று ஐட்டங்களுக்குத் தனித்தனியாக 9 சதவீதம் போட்டுக் கூட்டினால் 12.75, மொத்தம் 141.75-க்குப் போட்டால் 12.76. எங்கே முழுமையாக்குகிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுங்கள். ஆனால் வித்தியாசத் தொகையை உற்றுப் பார்ப்பது எப்போதும் பலன் தரும். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 5,430-க்கு 5,340 போட்டால் வித்தியாசம் 90. அந்தத் தொகையின் பாதிக்கு ஒரு எண்ட்ரி இருந்தால் பற்று வரவு மாறியிருக்கலாம். ஏதாவது ஒரு எண்ட்ரியின் முழு மடங்காக இருந்தால் அந்த ஒன்றே பல முறை ஏறியிருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதற்கு உலகறிந்த உதாரணம் பிரிட்டன் தபால் துறையில் இருக்கிறது. அங்கே 1999 முதல் ஓடிய ஹொரைசன் என்ற ஃபுஜிட்சு சாஃப்ட்வேரில், 2015-ல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 8,000 பவுண்டு பணப்பையை வரவு வைக்கும்போது திரை நகராமல் நின்றது. திரும்பத் திரும்ப என்டர் தட்ட, நான்கு முறை வரவாகி 24,000 பவுண்டு இல்லாத பணம் ஏட்டில் ஏறியது. சரியாக மூன்று மடங்கு. இப்படிப்பட்ட கோளாறுகளால் வந்த பற்றாக்குறைக்குத் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குப் போட்டு, 900-க்கும் மேற்பட்ட துணைத் தபால் நிலைய நடத்துநர்கள் தண்டனை பெற்றார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் அந்த சாஃப்ட்வேரில் கோளாறுகள் இருந்ததை உறுதி செய்தது, 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் பற்றாக்குறைக்குப் பின்னால் இருந்த பதிவுகளை முழுமையாகப் பார்க்கவே வழி இல்லை. அந்த விதத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள், என்டர் தட்டினால் கடைசி வவுச்சர் வரை போகிறது. வாங்கப்போகும் சாஃப்ட்வேர் அப்படி உள்ளே போக விடுகிறதா என்று டெமோவிலேயே கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் காட்டிவிட்டு "உள்ளே ஆட்டோமேட்டிக்" என்று சொல்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எக்செல்லில் தயாராவதால் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபார்முலா உள்ள கட்டத்தில் ஃபார்முலாவின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் அந்தப் பகுதியின் விடை தெரியும், பார்த்ததும் எஸ்கேப் தட்ட வேண்டும், என்டர் தட்டினால் ஃபார்முலா போய் எண் உட்கார்ந்துவிடும். ட்ரேஸ் பிரசிடென்ட்ஸ் அழுத்தினால் எந்தெந்தக் கட்டத்திலிருந்து எண் வருகிறது என்று அம்புக்குறி காட்டும். இங்கே நான் பார்த்த தொல்லைகள் மூன்று. ஏற்றுமதியான சில எண்கள் எழுத்தாக உட்கார்ந்திருந்தன, எஸ்யூஎம் அவற்றைக் கூட்டாமல் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பெயரை வைத்து ரேட்டைத் தேடித் தரும் விலுக்கப் ஃபார்முலாவில் நாலாவது இடத்தை விட்டுவிட்டால் சரியான பெயர் இல்லாதபோது வேறு ஐட்டத்தின் ரேட்டைக் கொண்டுவந்து போடும், அங்கே பூஜ்யம் அல்லது ஃபால்ஸ் போட்டாக வேண்டும். மூன்றாவது, கால்குலேஷன் மேனுவலில் இருந்தது. அன்று முதலில் திறக்கும் ஃபைலின் அமைப்பையே எக்செல் மற்றவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும் என்பதால், காலையில் வேறொரு ஃபைலைத் திறந்தவர் போட்ட ஸ்டேட்மென்டில் போன மாதத்து எண்ணே நின்றிருக்கிறது.

யார் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எடிட் லாக் இருந்திருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் மாற்றங்களைப் பதிவு செய்யும், அணைக்க முடியாத ஆடிட் ட்ரெயில் உள்ள கணக்கு சாஃப்ட்வேர்தான் பயன்படுத்த வேண்டும். பார்ட்னர்ஷிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இவர்கள் வைத்திருக்கவில்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆளைப் பிடிப்பதற்காக மட்டும் அல்ல. எண்ட்ரி முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்தால் ஏன் மாற்றினார்கள் என்பது பெரும்பாலும் தானே விளங்கும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். பர்ச்சேஸில் 40 நம்பரை 400 ஆக்கி, ரேட்டை 116.50 ஆக்கினால் ஏட்டிருப்பு 410 ஆகும். ஆனால் பிப்ரவரி ஸ்டாக் ஜர்னலின் 360-ம் அப்படியே இருந்தால் 770 என்று காட்டும். இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், இடையில் யாரும் பில் போடக் கூடாது. இருப்பு, ரேட், மதிப்பு என்னவாகும் என்று தாளில் எழுதிவிட்டு, பிறகு நகலில் மாற்றிப் பாருங்கள். எழுதியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் மட்டும் நடப்புக் கணக்கைத் தொடுங்கள். பர்ச்சேஸ் அளவு மாறினாலும் பில் தொகையும் வரியும் மாறாததால் உள்ளீட்டு வரிக்கு இதனால் பாதிப்பு இல்லை. அந்தச் சப்ளையர் பில்லுக்குப் பெட்டிக்குப் பத்து நம்பர் என்று காம்பவுண்ட் யூனிட் உருவாக்கினோம், பெட்டிக்குப் பத்து பன்னிரண்டு என்று மாறி வருபவற்றை நம்பரிலேயே ஏற்றச் சொல்லிவிட்டேன். பேங்குக்குத் திருத்திய ஸ்டேட்மென்டோடு கைக்கணக்குத் தாளையும் சேர்த்தே கொடுத்தோம். மேனேஜர் கோபப்பட்டார்தான், ஆனால் தாளைப் பார்த்த பிறகு காரணத்தை மறுபடி கேட்கவில்லை. டிராயிங் பவருக்கு மேல் போன தொகைக்குக் கூடுதல் கட்டணம் விழுந்தது, அதைத் தவிர்க்க முடியவில்லை. திருத்திய ஒவ்வொரு வவுச்சரின் நரேஷனிலும் ஒரே மாதிரி எழுதினேன்: "பில்லில் 40 பாக்ஸ் = 400 நம்பர். முன்பு 40 நம்பர் எனப் பதிவு. இது தொடர்பான பிப்ரவரி ஸ்டாக் ஜர்னல் வரி நீக்கப்பட்டது. கைக்கணக்குத் தாள் பில் ஃபைலில் உள்ளது."